பதினாலாம் நம்பருக்கு மட்டும் அனுமதி

"திருடினது யாருன்னு நீங்க கண்டுபிடிக்க வேணாம்மா. அது எனக்கே தெரியும். யாருக்குக் குடுத்தா, எப்படிக் குடுத்தான்னு மட்டும் சொன்னா போதும்" என்றார் எம்.டி. வீரராகவன்.

உமைரா தலையாட்டினாள். மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவளுக்கு இந்த ரகக் கட்சிக்காரர்கள் புதிதல்ல. பாதிப் பேர் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்க வருவார்கள். அந்த விடை தப்பு என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

அவளுடைய உதவியாளர் கலியன் அதற்குள் எம்.டி.யின் அறையை ஒரு சுற்று வேடிக்கை பார்த்து முடித்துவிட்டார். மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ் நின்றுபோனது, வாய் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"தொட்டில ஆறு மீனு. செவுத்துல ஆறு சாமி படம். வெளிய நிக்கற காரு நம்பர கூட்டினா ஆறு. பேரு வீரராகவன், கணக்கு மட்டும் ஆறுமுகமா சார்?"

வீரராகவன் கோபப்படவில்லை. இந்த விஷயத்தைப் பேச ஆள் கிடைத்தால் அவருக்குச் சந்தோஷம்தான்.

"நான் பிறந்தது இருபத்தி நாலாம் தேதி. ஆறுதான் எனக்கு ராசி. எட்டு ஆகவே ஆகாது. எங்க ஐயா சொன்னது. எண்கணிதம் சடையப்பன் ஐயா. இந்த ரெண்டாயிரத்தி ஆறாம் வருஷத்தையே கூட்டிப் பாருங்க, எட்டு வரும். அதான் இந்த வருஷம் இப்படி ஒரு அடி."

அந்த அடி என்ன என்பதை அவரே சொன்னார். கம்பெனி தயாரிப்பது வால்வு. ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டு புது வால்வு ஒன்றை வரைந்து முடித்திருந்தார்கள். போன வாரம் ஒரு கஸ்டமரைப் பார்க்கப் போன இடத்தில், போட்டிக் கம்பெனிக்காரன் கொடுத்த வரைபடம் மேஜைமேல் கிடந்தது. அசல் இவருடைய வால்வேதான். ஒரு துளை தப்பான இடத்தில் இருந்தது உட்பட. அந்தத் தப்பை மெஷின் ஷாப்பில் தாள் வரைபடத்தில் பேனாவால் திருத்திவிட்டார்கள். கம்ப்யூட்டரில் இருந்ததை மட்டும் யாரும் திருத்தவில்லை. ஆகவே திருட்டு நடந்தது கம்ப்யூட்டரிலிருந்துதான்.

அந்த வரைபடம் சர்வரில் ஒரு தனி ஃபோல்டரில் இருந்தது. அதை அமைத்துக் கொடுத்த பழைய சிஸ்டம் ஆள் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டான். போனில் கேட்டதற்கு, "டிராயிங் செக்‌ஷன் ஸத்யபாமா கம்ப்யூட்டர் தவிர வேற எதுலயும் அது திறக்காது சார். நானே பூட்டினேன்" என்று சத்தியம் செய்தான். வீரராகவனுக்கு அது போதுமாயிற்று. நேற்று மதியம் கேன்டீனில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஸத்யபாமாவின் தட்டுக்கு முன்னால் போய் நின்று "திருடி" என்று கத்தினார்.

"டைம் ஆபீஸ்ல உட்கார வச்சிருக்கேன். ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா விட்டுடுவேன். இல்லாட்டி சாயங்காலம் போலீஸ்."

"சாயங்காலம் வரைக்கும் எனக்கு டைம் இருக்குன்னு வச்சுக்கறேன் சார்" என்று எழுந்தாள் உமைரா.

டைம் ஆபீஸ் பெஞ்சில் ஸத்யபாமா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். நேற்றிலிருந்து அழுது முடித்த கண்கள். ஷிஃப்டுக்கு உள்ளே போகிறவர்கள் கார்டைப் பஞ்ச் செய்துவிட்டு, அவள் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள். கூட வரைகிற செல்விகூட, ஷூ லேஸை இரண்டு தடவை கட்டிக்கொண்டு போனாள்.

"நான் எடுக்கலை. இதை எத்தனை பேர்கிட்ட எத்தனை தரம் சொல்றது" என்றாள் ஸத்யபாமா. "அப்பா திருவள்ளூர் கோயில்ல கைங்கர்யம் பண்றார். ஆத்துல இன்னும் தெரியாது. வேலைக்குப் போறேன்னுட்டுதான் கிளம்பி வந்திருக்கேன். போலீஸ் வாசல்ல வந்து நின்னா அப்பா அப்புறம் சன்னதிக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டார். வேலை போனா போறது. அதுதான் எனக்கு பயமா இருக்கு."

"அந்த ஃபோல்டர கடைசியா எப்போ தொறந்தீங்க?"

"ஆடி மாசமே அந்த வேலை முடிஞ்சுடுத்து. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகலை. இப்போ வேற வால்வு வரைஞ்சுண்டு இருக்கேன்."

"அது உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் தொறக்கும்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லலை. சத்தியமா சொல்லலை."

உமைரா அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சாப்பாட்ட இங்க சாப்பிடாதீங்க. மதியம் கேன்டீன்லயே சாப்பிடலாம்" என்றாள். ஸத்யபாமாவுக்கு அது ஆறுதலா கிண்டலா என்று புரியவில்லை.

வெளியே வந்ததும் கலியன், "இன்னா மேடம், கேஸ் ஆரம்பிக்கறதுக்கு முந்தியே மெனு கார்டு குடுத்துட்ட மாரி கீது" என்றார்.

"பசில யோசிக்க வராது கலியண்ணே. அவங்களுக்கு இல்ல, எனக்கு."

டிராயிங் செக்‌ஷனில் ஸத்யபாமாவின் கம்ப்யூட்டரைச் சுற்றிச் செல்லோடேப் ஒட்டியிருந்தது. மானிட்டருக்கு ஒரு சுற்று, கீபோர்டுக்கு ஒரு சுற்று. மௌஸுக்குக்கூட தனியாக ஒரு சுற்று ஓடியிருந்தது. ஒட்டியவன் புது சிஸ்டம் ஆள் ரிஜ்வான். பழவேற்காட்டுப் பையன், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"எம்.டி. சார் சீல் பண்ணச் சொன்னாருக்கா. எங்கிட்ட இருந்தது செல்லோடேப்புதான்."

"பார்சல் சோறு கட்டற மாரி கட்டிக்கீற தம்பி" என்றபடி கலியன் அதைப் பிரித்தார்.

உமைரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. சர்வரில் அந்தப் புது வால்வு ஃபோல்டரைத் தேடி அதன்மேல் இரண்டு முறை தட்டினாள். ஒரு சின்னச் சாம்பல் பெட்டி எழுந்து, அனுமதி இல்லை என்றது. இன்னொரு முறை தட்டினாள். அதே பெட்டி, அதே பதில்.

"இந்த ஒரே கம்ப்யூட்டர்லதான் தொறக்கும்னு பெங்களூர்க்காரன் சத்தியம் பண்ணானே?" என்றார் கலியன்.

"பண்ணான்."

"அப்ப எங்கியுமே தொறக்காத பொட்டிய எவன் மேடம் தொறந்தான்?"

உமைராவுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. திருடி என்று கேன்டீன் நடுவில் பெயர் வாங்கியவளால் அந்தப் பெட்டியைத் திறக்கவே முடியாது. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் கத்துவதற்கு முன்னால் அந்த ஒரு நிமிஷத்தைச் செலவழிக்க யாருக்கும் தோன்றவில்லை. மனுஷன் எப்போதும் சுலபமான வேலையைத்தான் முதலில் செய்கிறான், கத்துவது சுலபம்.

சர்வர் இருந்தது கேன்டீன் ஸ்டோருக்கு அடுத்த அறையில். ஏ.சி.க் குளிர்ச்சியில் பருப்பு மூட்டை வாசனை கலந்து வந்தது. உமைரா சர்வர் முன்னால் உட்கார்ந்து, அதன் அமைப்புகள் எழுதியிருக்கும் ஃபைலைத் திறந்தாள்.

"இத எப்பயாச்சும் பாத்திருக்கியா ரிஜ்வான்?"

"இல்லக்கா. ஓடிக்கிட்டு இருக்கறத ஏன் தொடணும்னு தொடல."

"நல்ல பழக்கம். ஆபத்தான பழக்கம்." அவள் ஒரு வரியைக் காட்டினாள். "இது பேரு ஹோஸ்ட்ஸ் அலவ். எந்தக் கம்ப்யூட்டர இந்த ஃபோல்டருக்குள்ள விடலாம்னு அதோட நம்பர எழுதி வச்சிருக்காங்க. அந்த நம்பர் தவிர எது வந்தாலும் வெளிய போன்னு சொல்லிடும்."

கலியன் எட்டிப் பார்த்தார். "எனக்குப் புரியற மாரி சொல்லு மேடம்."

"கேட்டுல வாட்ச்மேன் நிக்கறாரு. வர்ற வண்டியோட நம்பர மட்டும் பாக்கறாரு. நம்பர் சரியா இருந்தா கேட்டத் தொறந்துடுவாரு. உள்ள யாரு ஒக்காந்திருக்காங்கன்னு எட்டிப் பாக்க மாட்டாரு."

"நல்ல வாட்ச்மேனு. அப்ப நம்பர் பிளேட்ட மாத்திக்கினா எவன் வேணா பூந்துக்கலாம்."

"கண்டக்டர் மூளை" என்றாள் உமைரா. அது பாராட்டு. "பாஸ்வேர்டு?"

"அந்த ஃபோல்டருக்கு பாஸ்வேர்டே கிடையாதுக்கா" என்றான் ரிஜ்வான் சங்கடத்துடன். "நம்பர் பூட்டே போதும்னு பழைய ஆளு விட்டுட்டாரு போல."

அந்த வரியில் இருந்தது ஒரே ஒரு நம்பர். கடைசி எண் பதினாலு. ஸத்யபாமாவின் கம்ப்யூட்டர் நம்பரையும் ரிஜ்வான் பார்த்துவந்து சொன்னான். அது எட்டு.

"இன்னொண்ணும் பாத்துடலாம்" என்றாள் உமைரா. "ஒரு நம்பரக் குடுத்து, இது வந்தா விடுவியா மாட்டியான்னு இந்த சர்வரையே கேக்கலாம். அதுக்கு ஒரு கட்டளை இருக்கு."

எட்டைக் கொடுத்துக் கேட்டாள். விடமாட்டேன் என்றது சர்வர். பதினாலைக் கொடுத்தாள். தாராளமாக வரலாம் என்றது.

"பதினாலு யாரோட கம்ப்யூட்டர் ரிஜ்வான்?"

ரிஜ்வான் வாசல் பக்கம் பார்த்தான். கலியன் போய்க் கதவைச் சாத்தினார்.

"வெளிய சொல்லக் கூடாதுன்னு எம்.டி. சார் சொல்லியிருக்காருக்கா. ஐ.எஸ்.ஓ. வாங்கின கம்பெனி, ஆடிட்டருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு. சாரோட கம்ப்யூட்டர் நம்பர் முன்னாடி எட்டா இருந்துச்சு. வெள்ளிக்கிழமைதோறும் சார் ரூம்ல பூஜை பண்ண வர்ற சடையப்பன் ஐயாவுக்கு அது எப்படியோ தெரிஞ்சுபோச்சு. சனி உங்க மேஜை மேலயே குந்தியிருக்குன்னு சொல்லிட்டாரு. சார் அன்னிக்கு சாப்பிடவே இல்ல. உடனே மாத்துன்னாங்க. ஞாயித்துக்கிழமை நான் வந்து மாத்தினேன். சாருக்குப் பதினாலு. பதினாலு வச்சிருந்த ஸத்யபாமா அக்காவுக்கு எட்டு. இந்த வரி இருக்கறது எனக்குத் தெரியவே தெரியாதுக்கா."

"அப்ப பொட்டி தொறக்கறது முதலாளி ரூம்புல" என்று கலியன் விசில் அடித்தார். "தன் பொருள தானே திருடிக்கினு, ஊரான் ஊட்டுப் பொண்ணப் போய் திருடின்னுக்கினு. பேஜாரா கீதே மேடம்."

"அவர் திருடியிருந்தா என்னை ஏன் கூப்பிடறாரு?"

"அதுவும் கரெக்ட்தான்." கலியன் தலையைச் சொறிந்தார். சொறிந்துகொண்டே நின்றவர், கையைத் தலையிலேயே விட்டுவிட்டார். "மேடம், பதினால கூட்டினா இன்னா?"

"அஞ்சு."

"அந்தாளு மீனையே ஆறா எண்ணி வுட்டவரு. காரு ஆறு, சாமி ஆறு. கம்ப்யூட்டரு மட்டும் ஏன் அஞ்சு?"

உமைரா ரிஜ்வான் பக்கம் திரும்பினாள்.

"நானே கேட்டேன்க்கா" என்றான் அவன். "ஆறாம் நம்பர் சும்மாதான் கிடக்கு, அதையே போட்றவான்னேன். பதினஞ்சும் காலி. வேணாம், பதினாலுதான்னு ஐயா ஒரே பிடியா நின்னாரு. புதன் பார்வை அது இதுன்னு சொன்னாரு. பெரியவங்க சொல்றாங்கன்னு விட்டுட்டேன்."

உமைரா எழுந்து நேரே டைம் ஆபீஸுக்கு நடந்தாள்.

"ஸத்யபாமா, கேட்ட கேள்வியையே திருப்பிக் கேக்கறேன். அந்த ஃபோல்டர் விஷயத்த சடையப்பன்கிட்ட சொன்னீங்களா?"

"அவர்கிட்டயா?" ஸத்யபாமா விழித்தாள். "கேட்டேன். புது வால்வு முழுக்க என் பதினாலாம் நம்பர்லதான் திறக்கும்னு பழைய சிஸ்டம் ஆள் சொன்னார். ஏதாவது தப்பாயிட்டா என் தலையில விழுமே, அந்த நம்பர் எனக்கு ஒத்துக்குமான்னு கேட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலன்னு சத்தியம் பண்ணீங்களே?"

"ஜோசியர்கிட்ட கேக்கறது யார்கிட்டயும்ங்கறதுல சேராதே" என்றாள் ஸத்யபாமா. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

உமைரா அவளைத் திட்டவில்லை. டாக்டரிடமும் ஜோசியரிடமும் நம் ஊரில் யாரும் எதையும் மறைப்பதில்லை. டாக்டரிடமாவது சிலதை விழுங்குவார்கள்.

"வெள்ளிக்கிழமை பூஜை எப்படி நடக்கும்?"

"சார் ரூமுக்குள்ள ஐயா மட்டும்தான் இருப்பார். கதவைச் சாத்திண்டுடுவார். யார் கண்ணும் படக் கூடாதாம். சாரே செருப்பைக் கழட்டிட்டு வெளியிலதான் நிப்பார். கம்ப்யூட்டரை மட்டும் ஆன் பண்ணியே வைக்கணும். தூங்கற மெஷினுக்குப் பூஜை பண்ணா பலனும் தூங்கிடுமாம்."

"ரொம்ப முழிச்சிக்கினு கீற சாமி" என்றார் கலியன்.

சர்வர் அறைக்குத் திரும்பியதும் உமைரா அந்த வரியில் இருந்த பதினாலை அழித்துவிட்டு எட்டு என்று எழுதினாள். "திருட்டைப் பிடிக்கறதுக்கு முன்னாடி பூட்டச் சரி பண்ணணும். ஸத்யபாமா கம்ப்யூட்டர் இப்போ எட்டு. இனிமே எட்டுக்கு மட்டும்தான் அனுமதி. ரிஜ்வான், சர்வர ஒருக்கா மறுபடி கிளப்பிவிடு. கலியண்ணே, நீங்க போய் சாமிகிட்ட ஒரு சந்தேகம் கேட்டுட்டு வரணும்."

என்ன கேட்க வேண்டும் என்று சொன்னாள். கலியனுக்கு மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சிரிப்பு வந்தது. அதை அடக்கி முகத்தில் கவலையை வரவழைத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சடையப்பன் வரவேற்பறை சோபாவில், பட்டு ஜிப்பாவும் விரல் விரலாக மோதிரமுமாக உட்கார்ந்து ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ராகு காலம் முடிந்ததும் பூஜை. கலியன் கை கட்டி நின்றார்.

"ராகு காலத்துல பலன் சொல்றதில்லப்பா" என்றார் சடையப்பன். "கேள்வி மட்டும் சொல்லிட்டுப் போ. வாங்கி வச்சுக்கறேன்."

"இன்னிக்குத்தான் கம்ப்யூட்டர் ரூம்புல சேந்துக்கினேன் சாமி. வந்ததும் வராததுமா சனி. புது வால்வு படம் கீது பாருங்க, அதோட ரெண்டாவது பார்ட்ட இன்னிக்குக் காலைல ஏத்திக்கினாங்க. பொண்ணு மாட்டிக்கிச்சே, அதனால பூட்டையும் மாத்திட்டாங்க. இனிமே எட்டாம் நம்பரு கம்ப்யூட்டர்லதான் தொறக்குமாம். அதுல என்ன குந்த சொல்றாங்க. எனக்கு எட்டு ஒத்துக்குமா சாமி?"

ஹார்லிக்ஸ் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"எட்டு மட்டுமா?"

"எட்டு மட்டும்தான் சாமி."

"பதினாலு?"

"பதினாலா? அது எதுக்கு சாமி?"

"சும்மா கேட்டேன். நீ போ. யோசிச்சுச் சொல்றேன்" என்றார் சடையப்பன். மிச்ச ஹார்லிக்ஸை அவர் குடிக்கவில்லை.

பூஜை ஆரம்பிப்பதற்கு முன்னால் உமைரா வீரராகவனிடம் நாலாக மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தாள். "நானும் ஒரு பலன் எழுதியிருக்கேன் சார். பூஜை முடிஞ்சு ஐயா என்ன சொன்னாலும் முழுசாக் கேளுங்க. அப்புறம் பிரிங்க."

"உங்களுக்கும் இது தெரியுமா?" என்று வீரராகவன் ஆர்வமாகி, காகிதத்தைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கதவு சாத்தப்பட்டது. ஒரு கம்பெனியின் முதலாளி தன் அறைக்கு வெளியே வெறுங்காலோடு நின்றார். பக்கத்தில் உமைரா, கலியன், ரிஜ்வான். கதவிடுக்கில் சாம்பிராணிப் புகை வந்தது. மணிச் சத்தம் கணகணவென்று கேட்டு, நின்றது. பிறகு வேறொரு சத்தம் வந்தது, டக் டக் டக் என்று.

"மந்திரத்த டைப் பண்றாரு போல" என்றார் கலியன்.

வீரராகவன் முறைத்தார். மறுபடி மணி, மறுபடி டக் டக். இந்தத் தடவை டக் டக்கில் கோபம் தெரிந்தது. கதவு திறந்தபோது சடையப்பன் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து மூக்குவரை வந்திருந்தது.

"வீரராகவா, எண் மாறணும். உடனே மாறணும். இன்னிக்கே."

"ஐயா, பதினாலு நீங்க குடுத்ததுதானே?"

"அது அன்னிக்கு. கிரகம் நகர்ந்துடுச்சு. இப்ப ஒரே ஒரு எண்தான் உன்னைக் காப்பாத்தும்." சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "எட்டு."

வீரராகவனின் வாய் திறந்து மூடியது.

"எட்டா?"

"விபரீத ராஜயோகம்ப்பா. எட்டை எட்டாலதான் வெட்டணும். பழைய நம்பரையே உன் மெஷினுக்குத் திருப்பிப் போடச் சொல்லு. அடுத்த வெள்ளி பூஜைக்குள்ள."

"எட்டு" என்றார் வீரராகவன் மறுபடி. அவர் குரல் மெல்ல ஏறிக்கொண்டே போனது. "எட்டு ஆகாதுன்னு என் முதல் காரை வித்தேன். பதினேழாம் தேதி கூட்டினா எட்டுன்னு என் பொண்ணு கல்யாணத்தைத் தள்ளி வச்சேன். சம்பந்தி இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. வீட்டு மாடிப்படில எட்டாவது படிய இடிச்சேன். இன்னைக்கும் ராத்திரி பால் எடுத்துக்கிட்டு ஏறும்போது என் சம்சாரம் அந்த இடத்துல தடுக்கறா. இப்ப எட்டா?"

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார். அதில் ஒரே ஓர் எண் இருந்தது. எட்டு.

வீரராகவன் காகிதத்தைப் பார்த்தார். சடையப்பனைப் பார்த்தார். கடைசியில் உமைராவைப் பார்த்தார்.

"எனக்கு ஜோசியம் தெரியாது சார்" என்றாள் உமைரா. "உங்க சர்வருக்கு ஆள் தெரியாது, நம்பர்தான் தெரியும். பதினாலாம் நம்பர் கம்ப்யூட்டர் வந்தா அந்த ஃபோல்டரத் தொறந்துடும். பதினாலு ஸத்யபாமாகிட்ட இருந்துச்சு. ஆறு காலியா இருக்கறப்பவே, ஆறு ராசிக்காரரான உங்களுக்கு இவர் பிடிவாதமா பதினாலு வாங்கிக் குடுத்தாரு. ஏன்னா டிராயிங் செக்‌ஷன்ல இவர் கதவச் சாத்திக்கிட்டு உக்கார முடியாது. உங்க ரூம்ல முடியும், நீங்களே காவலுக்கு நிப்பீங்க. இன்னிக்குக் காலைல பூட்ட எட்டுக்கு மாத்தினேன். அது இவர் காதுக்குப் போச்சு. அதனால கிரகம் நகர்ந்துடுச்சு."

"வீரராகவா, இந்தப் பொம்பள பேச்சை..." என்று ஆரம்பித்தார் சடையப்பன்.

அதற்குள் கலியன் அறைக்குள் போய்க் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மஞ்சள் துணியில் கட்டிய ஒரு சின்ன முடிச்சு அங்கே செருகியிருந்தது.

"சார், இது இன்னாது?"

"அது ரட்சை. தொடாதீங்க" என்றார் வீரராகவன் பழக்கத்தில்.

கலியன் முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள் துணியும் குங்குமமும் உதிர்ந்து, உள்ளே இருந்து ஒரு பென் டிரைவ் வந்தது. ரிஜ்வான் அதை வாங்கிச் செருகினான். இரண்டு நிமிஷத்தில் புது வால்வின் வரைபடம் திரையில் விரிந்தது. அந்தத் தப்பான துளையும் அப்படியே இருந்தது.

சடையப்பன் சோர்ந்துபோய், பூஜைக்குப் போட்ட பலகையிலேயே உட்கார்ந்தார். போட்டிக் கம்பெனியில் வரைபடத்தை வாங்கிக்கொண்ட ஆளின் பெயரை அவரிடமிருந்து வாங்கக் கலியன் இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. "ராகு காலம் முழுசா முடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன் போல" என்று மட்டும் அவர் முணுமுணுத்தார். அந்த மனுஷன் தன் தொழிலைக் கொஞ்சம் நம்பவும் செய்தார் என்பது உமைராவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாட்ச்மேன் வந்து அவரை அழைத்துப் போன பிறகு, வீரராகவன் ஸத்யபாமாவை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். அவள் வந்து வாசலிலேயே நின்றாள். உமைரா ஜன்னல் பக்கம் திரும்பி மீன் தொட்டியைப் பார்த்தாள். இந்த மாதிரி நேரத்தில் முதலாளிகளின் முகத்தைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது.

"தப்பு நடந்துபோச்சும்மா" என்றார் வீரராகவன் மெதுவாக. "மனசுல வச்சுக்காத. திங்கக்கிழமையிலேருந்து வந்துடு."

ஸத்யபாமா வாசலை விட்டு நகரவில்லை. வீரராகவன் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்தார். "வேற ஏதாவது செய்யணுமாம்மா?"

"சார், நீங்க என்னைத் திருடின்னது இந்த ரூம்ல இல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. வீரராகவனுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

மதிய சாப்பாட்டு நேரம். கேன்டீனில் தட்டும் டம்ளருமாகச் சத்தம் நிரம்பி வழிந்தது. எம்.டி. உள்ளே வந்ததும் முன்வரிசையில் சத்தம் அடங்கியது. அவருக்குப் பின்னால் ஸத்யபாமா வந்ததும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். நேற்றைப்போல இன்றைக்கும் ஏதோ நடக்கப் போகிறது என்று நினைத்திருப்பார்கள். செல்வி மட்டும் பெஞ்சில் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். யாருக்காக என்று சொல்லவில்லை.

வீரராகவன் நேற்று நின்ற அதே இடத்தில் நின்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆயிரம் பேர் வந்த கல்யாணத்தில் மைக் பிடித்துப் பேசியவர் அவர். இப்போது வார்த்தைகள் சாம்பாருக்குள் விழுகிற மாதிரி வந்தன.

"ஸத்யபாமா எதையும் எடுக்கலை. எடுத்தது வேற ஆள். விசாரிக்காம நான்தான் தப்பா சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

முன்னால் இருந்த இரண்டு வரிசைக்காரர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒருவன் இன்னொருவனிடம், இன்னா சொன்னாரு, என்று கேட்டான்.

ஸத்யபாமா சாப்பாட்டுப் பையைச் செல்வியின் பக்கத்தில் வைத்தாள். உட்காரவில்லை.

"சத்தமா சொல்லுங்கோ சார்" என்றாள். "நேத்திக்கு மெஷின் ஷாப் வரைக்கும் கேட்டுது."

வீரராகவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார்.